பேராயரின் பாவச்சீட்டு

அந்தக் கோயிலில் ஒரு பேராயர் இருந்தார். அவருக்குப் பத்து வயது. முன்பல் ஒன்று பாதிதான் முளைத்திருந்தது.

நிஜப் பேராயர் எங்கேயோ ஒரு பெரிய நகரத்தில் இருக்கிறார். இந்தப் பேராயர் ஞானோபதேச வகுப்பில் முதல் பெஞ்சில் இருந்தான். புதுநன்மை, அதாவது பூசையில் முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்கப்போகும் பதினொரு பிள்ளைகளுக்கும் சிஸ்டர் சொல்லிக்கொடுத்த வார்த்தைகள் அத்தனையும் அவனுக்குத் தலைகீழ்ப் பாடம். குரு, ஆயர், பேராயர், கர்தினால், திருத்தந்தை என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பான். யாராவது வார்த்தையை மாற்றிச் சொன்னால் போதும், விரல் மேலே போய்விடும். அதனால் வந்த பட்டம்தான் பேராயர்.

"சிஸ்டர், இவ பாவசங்கீர்த்தனம்னு சொல்றா. ஒப்புரவுன்னுதான் சொல்லணும்."

"ரெண்டும் ஒண்ணுதான்டா ராஜா. நீ உட்காரு."

இப்படி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் மெழுகுதான். மெழுகு என்பது அவள் பட்டப்பெயர். அவளுடைய அப்பா அந்தக் கோயிலின் கோயில்பிள்ளை. மணி அடிப்பது, பீடத்தைத் துடைப்பது, பூசைப் பாத்திரங்களை விளக்குவது எல்லாம் அவர் வேலை. எரிந்து மிஞ்சிய மெழுகுத் துண்டுகளைப் பொறுக்கி, பின்கட்டு அடுப்பில் உருக்கிப் புது மெழுகுதிரி வார்ப்பார். மகளும் கூடவே நிற்பாள். அதனால் அவள் சட்டையில் எப்போதும் மெழுகு வாசனைதான்.

"அப்பா, உங்களுக்கு நாற்பது வயசாச்சு. இன்னும் பிள்ளைன்னே கூப்பிடுறாங்களே!" என்று அவள் கேலி செய்வாள்.

"கோயில் எத்தனை பழசு, பார்த்தியா? அதுக்கு முன்னாடி நான் சின்னப் பிள்ளைதானே" என்பார் அவர்.

ஆனால் ஒரு வாரமாக அந்தக் கேலியும் சிரிப்பும் வீட்டில் இல்லை.

போன சனிக்கிழமை, பீடத்துக்கு இடப்பக்கம் சிறகு விரித்து நிற்கும் சம்மனசு சுரூபத்தின் கை உடைந்து தரையில் கிடந்தது. பக்கத்திலேயே உயரமான திரிகளை ஏற்றும் நீளக் கோல் கிடந்தது. அந்தக் கோல் கோயில்பிள்ளையின் கோல். பிறகு என்ன? பழி நேராக அவர் தலையில் விழுந்தது.

கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் பங்குப் பேரவைத் தலைவர் கத்திய கத்தலில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்து போயின. அந்தச் சுரூபம் அவர் குடும்பம் கோயிலுக்குக் கொடுத்தது.

"கவனம் எங்கய்யா இருந்துச்சு உனக்கு?"

"நான் இடிக்கலைங்க ஐயா."

"அப்போ சம்மனசே தன் கையை உடைச்சுக்கிச்சா? புதுநன்மை முடியட்டும். வேற ஆளைப் பார்த்துக்கறோம்."

பங்குத்தந்தை குறுக்கே வந்து, "அடுத்த ஞாயித்துக்கிழமை பேசிக்கலாம்" என்று அப்போதைக்கு ஆறப்போட்டார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

கோயிலுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு அறை வீடும் அந்த வேலையோடு வந்ததுதான். வேலை போனால் வீடும் போகும். அம்மா பழைய அட்டைப் பெட்டிகளை எடுத்துத் தூசி தட்ட ஆரம்பித்துவிட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மெழுகு பின்கட்டுக்கு ஓடிவிடுவாள்.

சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் புதுநன்மை. அதற்கு முன்னால் பிள்ளைகள் முதன்முதலாகப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். பயத்தில் மறந்துவிடக்கூடாது என்று ஆளுக்கொரு சீட்டில் பாவங்களை எழுதிவரச் சொல்லியிருந்தார் சிஸ்டர்.

"இது உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவில உள்ளது. ஃபாதர் காதுல விழுந்தது ஃபாதரோட போச்சு. தலையே போனாலும் அவர் வெளியே சொல்ல மாட்டார். முடிச்சதும் சீட்டைக் கிழிச்சுக் குப்பையில போட்டுடணும்."

எல்லாரும் கிழித்துப் போடுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் பெருக்கும்போது பெஞ்சுக்கு அடியில் நாலைந்து சீட்டுகள் கிடைக்கும். கோயில்பிள்ளை அவற்றைப் பிரிக்காமல் அப்படியே மெழுகு அடுப்பில் போட்டுவிடுவார். "ஒண்ணே ஒண்ணு படிச்சுப் பார்க்கலாம்ப்பா" என்று மெழுகு ஒருமுறை கெஞ்சிப் பார்த்திருக்கிறாள். "எனக்கு எழுதினது இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டார்.

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவராக மரக்கூண்டுக்குப் போய், முழந்தாளிட்டு, வலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பங்குத்தந்தையிடம் கிசுகிசுத்துவிட்டு வந்தார்கள். பேராயர் ஏழாவது. மெழுகு எட்டாவது. அவன் வியர்வை துடைக்கக் கைக்குட்டையை இழுத்தான். கூடவே ஒரு சீட்டும் வந்து, அவள் காலடியில் விரிந்தபடி விழுந்தது.

குனிந்து எடுத்தாள். கண் சும்மா இருக்குமா? ஓடிவிட்டது.

"சாவான பாவம்: இல்லை.

அற்பப் பாவம்: ஒன்று, தங்கச்சியின் பென்சிலை ஒளித்தேன். இரண்டு, செபத்தில் கொட்டாவி விட்டேன், நான்கு தடவை."

பாவத்துக்குக் கூடத் தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுக்கும் ஆள் உலகத்தில் ஒருவன்தான். மெழுகுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வரியில் சிரிப்பு நின்றுபோனது.

"எந்த வகை என்று தெரியவில்லை: திரி ஏற்றும் கோலைச் செங்கோலாகப் பிடித்து, ஆயர் மாதிரி நடந்து பார்த்தேன். திரும்பும்போது சம்மனசின் கையில் இடித்துவிட்டது. கோயில்பிள்ளை திட்டு வாங்கினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பேசவில்லை."

வானதூதர் என்றுதான் சொல்ல வேண்டும் என்று சண்டைக்கு வருகிறவன், சம்மனசு என்று எழுதியிருந்தான். அவ்வளவு பயம்.

மெழுகு அந்த வரியை மறுபடியும் படித்தாள். அப்பா இடிக்கவில்லை! அதோ, பக்கவாட்டுக் கதவருகே பேரவைத் தலைவர் நிற்கிறார். தன் மகனின் முதல் பாவசங்கீர்த்தனத்தைப் பார்க்க வந்திருக்கிறார். ஆமாம், பேராயர் அவருடைய மகன்தான். பத்து அடி நடந்து இந்தச் சீட்டை நீட்டினால் போதும். வேலை நிலைக்கும். வீடு நிலைக்கும். அட்டைப் பெட்டிகள் பரணுக்கே போய்விடும்.

எழுந்தாள். ஒரு அடி. இரண்டு அடி. மூன்று அடி.

பின்னால் ஏதோ சரசரவென்று சத்தம். திரும்பிப் பார்த்தாள். பேராயர் சட்டைப் பையைக் கவிழ்த்துப் பார்த்தான். பெஞ்சுக்கு அடியில் பார்த்தான். காலுறைக்குள்கூட விரலை விட்டுப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துப்போயிருந்தது. தேடிக்கொண்டே ஓரக்கண்ணால் கதவருகே நின்ற தன் அப்பாவைப் பார்த்தான். பார்த்ததும் தோள் இரண்டும் சுருங்கிப்போயின.

மெழுகின் இன்னொரு கையில் அவளுடைய சொந்தச் சீட்டு இருந்தது. வியர்வையில் நனைந்து கசங்கியிருந்தது. இதை யாராவது எடுத்துக்கொண்டு போய் ஊர் பார்க்க நீட்டினால்? அவள் அதை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

அவளுக்கு அழுகை அழுகையாக வந்தது. ஆனாலும் மூன்று அடியையும் திரும்ப நடந்து வந்து, சீட்டை மடித்து நீட்டினாள்.

"இந்தா. கீழே கிடந்துச்சு."

பேராயர் வெடுக்கென்று வாங்கிக்கொண்டான். "படிச்சியா?"

பொய் சொல்லலாம். நாளைக்குப் புதுநன்மையை வைத்துக்கொண்டா?

"படிச்சுட்டேன்."

"எங்கப்பாகிட்ட சொல்லப்போறியா?"

"சொல்லணும்போலதான் இருக்கு" என்றாள். "ஆனா அது எனக்கு எழுதினது இல்லை."

அவன் சீட்டைப் பிரித்துக் கடைசி வரியில் விரல் வைத்தான். "அந்தக் கடைசிது... அது எந்த வகைன்னு உனக்குத் தெரியுமா?"

எல்லா வார்த்தையும் தெரிந்த பேராயர் அவளிடம் கேட்கிறான்!

"எனக்குத் தெரியாது. உள்ளே போய்க் கேளு. அதுக்குத்தானே போறோம்?"

அவன் போனான். மற்றவர்கள் எல்லாம் இரண்டு நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். அவன் வரவே இல்லை. மெழுகு அந்த நேரத்தில் சிஸ்டரிடம் பென்சில் வாங்கி, தன் சீட்டின் கடைசியில் அவசரமாக இரண்டு வரி சேர்த்தாள்.

பேராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்ததும், அவள் முறை.

"என்னை ஆசீர்வதியும் சாமி, நான் பாவி" என்று ஆரம்பித்துச் சின்னச் சின்னதாக எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். பிறகு, "இன்னொண்ணு இருக்கு. அடுத்தவங்க சீட்டைப் படிச்சுட்டேன். யாருதுன்னு மட்டும் கேட்காதீங்க, சாமி."

"கேட்கவே மாட்டேன்மா."

"அதை ஒருத்தர்கிட்ட காட்டியிருந்தா எங்க வீடு எங்களுக்கே இருந்திருக்கும். காட்டணும்னு மூணு அடி நடந்துட்டேன்."

"அப்புறம்?"

"திரும்பி வந்துட்டேன்."

வலைக்கு அந்தப் பக்கம் பங்குத்தந்தை மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

"பரிகாரமா ஒரே ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லும்மா. போதும்" என்றார்.

பாவமன்னிப்பு வாங்கிக்கொண்டு வெளியே வந்த மெழுகு அப்படியே நின்றுவிட்டாள். பீடத்துக்குப் பக்கத்தில் அப்பா நின்றுகொண்டிருந்தார். எதிரே பேரவைத் தலைவர். நடுவில் பேராயர், விசும்பி விசும்பி அழுதுகொண்டு.

"நான்தான் உடைச்சேன், நான்தான் உடைச்சேன்னு வந்து நிக்கிறான்" என்றார் தலைவர். அவ்வளவு பெரிய குரல் எங்கே போனதோ தெரியவில்லை. "நீங்க அன்னிக்கே சொன்னீங்க, நான்தான் காது கொடுக்கலை. அத்தனை பேர் முன்னாடி வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சுடுங்க. நாளைக்குப் பூசை முடிஞ்சதும் அதே ஆளுங்க முன்னாடி நானே சொல்றேன். வேற ஆளும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

அப்பாவுக்கு ஒரு வாரம் அடக்கி வைத்தது கண்ணில் முட்டிக்கொண்டு நின்றது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரிங்க ஐயா" என்றார். பிறகு பேராயர் பக்கம் திரும்பினார்.

"செங்கோலை ஒத்தைக் கையாலயா பிடிச்சீங்க, பேராயரே?"

பேராயர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினான்.

"அதான் தப்பு. ரெண்டு கையாலயும் பிடிக்கணும். நாளைக்குக் காலையில சீக்கிரம் வாங்க, சொல்லித் தரேன்."

மறுநாள் புதுநன்மைப் பூசையில் உயரத் திரிகளை ஏற்றியது பேராயர்தான். கோலின் அடியை அப்பா பிடித்துக்கொண்டார், எதற்கும் ஒரு பாதுகாப்பு இருக்கட்டும் என்று. சம்மனசின் கையை இரவோடு இரவாக அவர் ஒட்டி வைத்திருந்தார். அது கொஞ்சம் கோணலாக இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

மதியம் கோயிலைப் பெருக்கியபோது பெஞ்சுக்கு அடியில் மூன்று சீட்டுகள் கிடைத்தன. இரண்டு மடித்தவை. ஒன்று வியர்வையில் கசங்கிச் சுருண்டிருந்தது. அதை மெழுகு பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டாள். நேற்றைய பரபரப்பில் கிழிக்க மறந்து நழுவவிட்டிருக்கிறாள்.

அப்பா மூன்றையும் பின்கட்டுக்குக் கொண்டுபோனார். அவளும் பின்னாலேயே போனாள்.

"ஒண்ணே ஒண்ணு படிச்சுப் பாருங்களேன்ப்பா."

"எனக்கு எழுதினது இல்லையேம்மா" என்று சொல்லிவிட்டு, மூன்றையும் அடுப்பில் போட்டார். கசங்கிய சீட்டு ஈரத்தில் கொஞ்சம் புகைந்து, பிறகு பிடித்துக்கொண்டது.

அதன் கடைசி இரண்டு வரி, அவருக்காக அவள் நடந்த மூன்று அடியைப் பற்றித்தான். மெழுகு சொல்லவில்லை. அப்பாவின் கையைக் கோத்துக்கொண்டு, சீட்டு முழுசாக எரிந்து முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.