குட்டியின் உயரம்

பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் பென்சில் சீவிய வாசனை அடித்தது.

டெய்லரம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். பழைய சுண்ணாம்பு, பல்லி எச்சம், காய்ந்த குழாயின் துரு என்று எந்த ஊரிலும் காலி வீடுகள் ஒரே மாதிரிதான் மூச்சுவிடும். அவள் அதற்குத்தான் மூக்கைத் தயார்செய்து வைத்திருந்தாள். இது வேறு. யாரோ தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பொறுமையாகச் சுருள் சுருளாகச் சீவிப் போட்டுவிட்டு இப்போதுதான் எழுந்து போன மாதிரி, பச்சை மர வாசனை.

“ஏங்க, ஏதோ வாசனை வருதில்ல?”

“வருதே. என் மேலேர்ந்துதான். காலையிலேர்ந்து இந்த வெயில்ல என்னை நடக்கவிட்டது யாரு?” என்று அவள் கணவன் சட்டைக் காலரை இழுத்து ஊதிக்கொண்டான். கதவும் ஜன்னலும் செய்கிற தச்சன் அவன். ஊருக்குக் கிளம்பும்போது உளி, சுத்தி எல்லாவற்றையும் பட்டறையில் போட்டுப் பூட்டினாலும், வலது காதில் செருகிய தட்டைப் பென்சில் மட்டும் கூடவே வரும். கல்யாணத்தன்றுகூட அதை எடுக்க மறந்து, படத்திலும் விழுந்துவிட்டது.

வாசனை அவனுடைய பென்சிலிலிருந்து வருகிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளே காலெடுத்து வைத்தாள்.

கோடை விடுமுறையின் ஆரம்பத்தில்தான் அவர்களுக்குக் கொஞ்சம் ஓய்வு. அப்புறம் பள்ளிச் சீருடைத் துணி மூட்டை மூட்டையாக வந்து இறங்கிவிடும். அவள் மெஷினைவிட்டு நிமிர முடியாது. அதற்குள் வருஷத்துக்கு ஒரு ஊர். வெளிநாடு போனவர்கள் படம் காட்டினால், “நம்ம நாட்டையே நான் இன்னும் முழுசா பார்க்கலையேப்பா” என்பான் அவன். கோட்டையும் கடைத்தெருவும் காலையிலேயே முடிந்துவிடும். மத்தியானம் அவர்களுடைய சொந்த விளையாட்டு.

முதல் பயணத்தில், ஏதோ ஒரு தெருவில் நிழலுக்கு ஒதுங்கியபோது வீட்டுத் தரகர் ஒருவர் அவர்களைக் குடிவர வந்தவர்கள் என்று நினைத்து விறுவிறுவென்று ஒரு காலி வீட்டைத் திறந்து காட்டினார். மறுத்துச் சொல்ல இருவருக்கும் வாய் வரவில்லை. கட்டிலை இங்கே போடலாம், மெஷின் அந்த ஜன்னலோரம் என்று அவன் ஆரம்பிக்க, அவளும் சேர்ந்துகொண்டாள். சின்ன அறை ஒன்று மிச்சம் இருந்தது. “இது பிள்ளைங்களுக்குங்க” என்றார் தரகர். அவர் வாசலுக்குப் போன பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, அவன் காதிலிருந்து பென்சிலை எடுத்தான். அந்த அறையின் கதவு நிலையில், அவள் முழங்காலுக்குச் சற்று மேலே, ஒரு பிள்ளையின் உச்சந்தலையில் வைப்பது போல உள்ளங்கையைத் தட்டையாக வைத்து ஒரு கோடு போட்டான். கோட்டின் முனையில், எங்கே அறுக்க வேண்டும் என்று மரத்தில் போடுவதைப் போல ஒரு குட்டி அம்புக்குறி.

“நம்ம குட்டி இந்த வருஷம் இவ்ளோ உயரம்.”

அவள் சிரித்தாள். பிள்ளைக்காக டாக்டர் வீட்டுப் படிகளை ஏறி இறங்கிச் சலித்திருந்த காலம் அது. அந்தச் சிரிப்புக்காகவே அவன் அடுத்த வருஷம் வேறொரு ஊரில் ‘வாடகைக்கு’ என்று பலகை தொங்கிய வீட்டைத் தேடிப் பிடித்தான். அப்படியே ஒவ்வொரு கோடையும். ஊர் மாறும், வீடு மாறும், கோடு கொஞ்சம் மேலே ஏறும். போன வருஷம் அவள் இடுப்பைத் தொட்டிருந்தது.

ஒரே ஒரு தடவை, ரயிலில் திரும்பி வரும்போது கேட்டாள். “ஒவ்வொரு தடவையும் குட்டியை உள்ள வெச்சுப் பூட்டிட்டு வந்துடறோமே. பாவம், என்ன பண்ணும்?”

“அதுக்கு வழி தெரியும். அடுத்த ஊருக்கு நமக்கு முன்னாடியே போய் நிக்கும் பாரு,” என்று சொல்லிவிட்டு அவன் தூங்கிப்போனான்.

இந்த வருஷம்தான் கடைசி என்று அவள் முடிவு செய்திருந்தாள். காரணம் அவளுக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும். கிளம்புவதற்கு முந்தின நாள்தான் உறுதியானது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு. பென்சிலை எடுத்து அவன் கோடு போடப் போகும் நேரத்தில் கையைப் பிடித்து நிறுத்தி, இனிமேல் சும்மா போட வேண்டாங்க என்று சொல்ல வேண்டும். அவன் முகம் எப்படி ஆகும் என்று வழியெல்லாம் நினைத்து நினைத்துத் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

இந்த வீட்டின் சாவி எதிர்வீட்டு அம்மாளிடம் இருந்தது. அந்த அம்மாள் சாவியோடு தண்ணீரும் கொண்டுவந்தாள். தட்டில் மூன்று கிளாஸ்.

“நாங்க ரெண்டு பேருதாங்க,” என்றான் அவன்.

அந்த அம்மாள் அவர்களுக்கு நடுவே கொஞ்சம் கீழே பார்த்தாள். மூன்றாவது கிளாஸைக் காலி வீட்டு வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

“வெயில்ல அந்த அம்மாவுக்கு எண்ணிக்கை தப்பிடுச்சு,” என்று அவன் கண்ணடித்தான்.

இப்போது அவன் வீட்டுக்குள் ஒரு சுற்றுச் சுற்றி, நிலைகளைத் தட்டிப் பார்த்து, “யாரு செஞ்ச கதவோ, கீல் பூரா கோணல். கையை ஒடிக்கலாம்” என்று பேர் தெரியாத தச்சனைத் திட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போனான். வாடகைக்கு வரப்போவதில்லை என்றாலும் தொட்டியைப் பார்க்காமல் அவனால் இருக்க முடியாது.

அவள் சின்ன அறையைத் தேடிப் போனாள்.

கூடத்தைத் தாண்டி ஒரு குறுகிய நடை. மேற்கு ஜன்னலின் கம்பிகள் வெயிலைக் கீற்றுக் கீற்றாக அறுத்துத் தரையில் போட்டிருந்தன. அவள் நடக்க நடக்கத் தூசி எழும்பி அந்த வெளிச்சத்தில் மெதுவாகச் சுழன்றது. வாசனை வலுத்தது. நடையின் கோடியில் அந்த அறை. வாசல் முன் தரையில் மட்டும் தூசி இல்லை. ஒரு சின்ன வட்டம், உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்தது போல வழவழவென்று இருந்தது. அதைச் சுற்றிலும் பென்சில் சீவல்கள்.

நிலையில் கோடுகள் இருந்தன.

முதலில் அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. முன்னாலேயே வந்து போட்டுவிட்டான், திருடன். ஆனால் அவன் இந்தப் பக்கமே வரவில்லை. தலைக்கு மேலே அவன் செருப்புச் சத்தம் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போய்க்கொண்டிருந்தது.

கிட்டே குனிந்தாள். பள்ளிப் பிள்ளைகளுக்கு அளவெடுக்க அவளுக்கு டேப்பே வேண்டாம், கண்ணே போதும். முழங்காலுக்குச் சற்று மேலே ஒன்று. தொடைப் பக்கம் சில. இடுப்பில் ஒன்று. ஒவ்வொன்றின் முனையிலும் அதே அம்புக்குறி. வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு வீடுகளின் நிலைகளில், சில இடங்களில் நீலச் சாயத்தின் மேல், சில இடங்களில் சாயம் போன மரத்தின் மேல் அவன் போட்டுவிட்டு வந்த கோடுகள் எல்லாம் இங்கே, ஒரே மரத்தில், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன.

இடுப்புக் கோட்டுக்கு மேலே இன்னொன்று. அவள் விலா எலும்புக்கு நேராக. விரலால் தொட்டாள். கரி ஒட்டியது. இந்த வருஷக் கோடு.

இன்னும் போடாத கோடு.

“ஏங்க,” என்றாள். மேலே செருப்புச் சத்தம் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.

அப்போதுதான் கீழே இருந்ததைப் பார்த்தாள். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மற்றவற்றைப் போல நேராக இல்லாமல், எழுதப் பழகாத கை இழுத்தது போல் கோணலாக ஒரு சின்னக் கோடு. பிறந்த குழந்தையின் உயரம்கூட இல்லை. இன்னும் வராத ஒன்றின் உயரம்.

அதன்மேல் குறுக்கே ஒரு கீறல். தப்பாக எழுதியதை அடிப்பது போல அடித்திருந்தது.

அவள் கை தானாக வயிற்றுக்குப் போனது.

சரக்.

சத்தம் அவளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கோணல் கோட்டின் குறுக்கே இன்னொரு கீறல் விழுந்தது. பென்சில் இல்லை. கை இல்லை. கீறல் மட்டும். அதே நொடி அவள் அடிவயிற்றில், ஊசி நுழைந்து நூலை இழுப்பது போல, ஒரு சுருக்.

சரக்.

மறுபடியும் சுருக். அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள்.

“வேணாம்.”

சரக். சரக்.

“வேணாம் கண்ணு. அது உன் தம்பி. இல்ல, தங்கச்சி…”

கீறல் அழுத்தமாக விழுந்தது. மரம் பிளந்து சிலாம்பு தெறித்தது. வலி இடுப்பைச் சுற்றிக்கொண்டது. வெயில் கீற்றுகள் நடையிலிருந்து எப்போது விலகின என்று தெரியவில்லை. ஜன்னல் அப்படியேதான் இருந்தது. வெளிச்சம்தான் இல்லை. காதருகே மூச்சு. சின்ன மூச்சு. ஓடி வந்தது போல, ஊர் ஊராக ஓடி வந்தது போல.

மாடியில் செருப்புச் சத்தம் நின்றிருந்தது. அவன் வந்துவிடுவான். அதற்குள்.

சரக்.

அதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

“உன்னை விட்டுட்டுப் போக மாட்டேன்,” என்றாள். அழுகையும் வார்த்தையும் ஒன்றாக வந்தன. “பூட்ட மாட்டேன். கூட்டிட்டுப் போறேன். வீட்டுக்கு. என்கூட. வா.”

நின்றது.

வலி, யாரோ கையை எடுத்தது போல, அப்படியே விலகியது. பென்சில் ஒன்று தரையில் உருண்டு கதவுக்குப் பின்னால் போகும் சத்தம் கேட்டது. அவளுடைய இடது கையின் சுண்டுவிரலைச் சில்லென்று ஐந்து சின்ன விரல்கள் பிடித்துக்கொண்டன.

“தொட்டி தம்மாத்தூண்டு இருக்கு டெய்லரம்மா, ஒரு காக்கா குளிச்சா காலி,” என்று சிரித்துக்கொண்டே அவன் நடைக்குள் வந்தான். வலது காதைத் தடவினான். “என் பென்சிலைப் பார்த்தியா? மேல போறப்ப இருந்துச்சே.”

அவள் எழுந்து கோடுகளை முதுகால் மறைத்து நின்றாள்.

“என்னம்மா, இப்படி வேர்த்திருக்கு? சரி, ஆணியாலயாவது ஒரு கோடு கிழிச்சுட்டுப் போயிடலாம். இந்த வருஷம் குட்டி எவ்ளோ உயரம்?”

“வேணாங்க. போலாம். இப்பவே போலாம்.”

வெளியே வந்தபோது வாசற்படியில் மூன்றாவது கிளாஸ் காலியாகக் கவிழ்ந்திருந்தது. அவன் கதவைப் பூட்டினான். அவனுடைய இரண்டு கைகளும் பூட்டிலும் சாவியிலும் இருப்பதை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் விரலை விடாமல் பிடித்திருந்தது எதுவோ, அது பூட்டு விழும் சத்தத்துக்குத் துள்ளியது. சாவி வாங்க வந்த எதிர்வீட்டு அம்மாள் இந்தத் தடவை அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் வந்து, மூவர் இருக்கையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான்.

“ஏன் அவ்ளோ தள்ளி உட்கார்றீங்க?”

அவன் நடுவிலிருந்த காலி இடத்தைப் பார்த்துக் குழம்பினான். “நீ பை வெச்சிருக்கேன்னு நினைச்சேன்.” பை அவன் மடியிலேயே இருந்தது. இருந்தும் நகர்ந்து வரவில்லை.

தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. சொல்லிவிட்டால் பயம் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லாமல் வைத்திருந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் போல. அவனைப் பார்க்காமல், எதிர் இருக்கையின் கிழிந்த ரெக்சினைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

அவன் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். கைகளை எடுத்தபோது அவள் வழியெல்லாம் கற்பனை செய்த அதே முகம், கண்ணீரும் சிரிப்புமாக. கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“இனிமே எந்த ஊருக்குப் போனாலும், எந்த வீட்டுக்குள்ள போனாலும், நாம மூணு பேரு! நெஜமாவே மூணு பேரு!”

அவள் சுண்டுவிரலைப் பிடித்திருந்த பிடி விட்டது.

சில்லென்ற ஒரு சின்ன உள்ளங்கை அவள் முழங்கைமேல் ஊர்ந்து, இடுப்புக்கு இறங்கி, வயிற்றின்மேல் வந்து படிந்தது. தட்டையாக. அசையாமல். பிள்ளையின் உச்சந்தலையில் கைவைத்து அவன் அளவு பார்ப்பதைப் போலவே.

அந்தக் கையின் ஓரத்தில், சேலைக்கு மேலே, புதிதாகச் சீவிய கூர் ஒன்று வந்து தொட்டது.

“எத்தனை டிக்கெட்?” என்றார் கண்டக்டர்.

சரக்.