நான்கு தப்புக் கணக்குகள்

ரோகினிக்குக் கணக்கு நன்றாக வரும். புக்கிட் பெலண்டோக் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்திலிருந்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பஸ்ஸில் பாதிப் பேர் அவளிடம்தான் வீட்டுப்பாடத்தைச் சரிபார்ப்பார்கள். சின்னப் பிள்ளைகள் அவளுக்கு "கணக்கு அக்கா" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதனாலேயே, "எனக்குத் தெரியாது" என்று சொல்வதென்றால் அவளுக்கு வேப்பங்காயாகக் கசக்கும்.

பக்கத்து வீட்டு டான்யாவுக்கும் அவளுக்கும் பதினான்கு வயது; இரண்டாம் படிவத்தில் ஒரே வகுப்பு. டான்யாவுக்குக் கணக்கு என்றாலே பயம். அவள் அம்மா பெட்ரிசியாவுக்குச் செனாவாங்கில் தொழிற்சாலை வேலை. விடிவதற்கு முன் கம்பெனி பஸ் ஏறினால் பொழுது சாயும்போதுதான் வீடு திரும்புவார்.

"இந்தத் தடவையும் கணக்குல பெயிலானா அம்மா என்னை அம்பாங்கானுக்கு அனுப்பிடுவாங்க," என்றாள் டான்யா, சோதனைக்கு முதல் நாள் பஸ்ஸில். "ஆட்ரி சின்னம்மா வீட்டுல தங்கி அங்கேயே படிக்கணுமாம். அங்க டியூஷன் இருக்காம்."

"நீ எங்கேயும் போகமாட்டே. நான் இருக்கேன்ல?"

டான்யா புத்தகத்தைப் பிரித்தாள். ஒரு பின்னம். மேலே x² + 5x + 6. கீழே x + 3. இதைச் சுருக்க வேண்டும்.

"இது நடத்தின அன்னிக்கு நீ காய்ச்சல்னு வரல. சார் மேல இருக்கறத மொதல்ல ரெண்டு பிராக்கெட்டா பிரிச்சாரு. அப்புறம்தான் வெட்டினாரு. எப்படிப் பிரிச்சாருன்னுதான் எனக்குப் புரியல."

ரோகினி கணக்கைப் பார்த்தாள். இரண்டு பிராக்கெட்டா? அவளுக்கும் புரியவில்லை. ஆனால் முன்சீட்டுப் பிள்ளைகள் திரும்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பிராக்கெட்லாம் எதுக்கு லா? ஷார்ட்கட் இருக்கு," என்று பென்சிலை வாங்கினாள். "மேல x², கீழ x. வெட்டினா x. மேல ஆறு, கீழ மூணு. வெட்டினா ரெண்டு. நடுவுல 5x அப்படியே. எல்லாத்தையும் கூட்டு. 6x + 2. முடிஞ்சது!"

டான்யாவின் கண்கள் விரிந்தன. "இவ்வளவுதானா? அப்போ சார் ஏன் போர்டு முழுக்க எழுதினாரு?"

"அவருக்கு மார்க்கர் சும்மா கிடைக்குது."

இருவரும் சிரித்தார்கள். பள்ளி வருவதற்குள் டான்யா அதே போல இன்னும் மூன்று கணக்குப் போட்டுப் பழகிவிட்டாள்.

அடுத்த வாரம் ராமகிருஷ்ணன் சார் தாள்களைக் கொடுத்தார். ரோகினிக்கு எண்பத்தாறு. கடைசி நான்கு கணக்குகளில் சிவப்புப் பெருக்கல் குறி. நான்கும் அந்த ஷார்ட்கட்டில் போட்டவை.

"டான்யா, எழுந்திரு," என்றார் சார். "கடைசி நாலு கணக்குல ரோகினி செஞ்ச அதே தப்பு உன் தாளிலயும் இருக்கு. ஒரு எழுத்து மாறல. அவளுக்குப் பின்னாடிதானே உட்கார்ந்திருந்தே? பாத்து எழுதினதுக்கு சைபர்."

வகுப்பு சிரித்தது.

"நான் பாத்து எழுதல சார்."

"அப்போ இந்தத் தப்பை எங்க கத்துக்கிட்டே? நான் சொல்லித் தரலையே?"

டான்யா ரோகினியைப் பார்த்தாள். ரோகினி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கணக்கு அக்கா தப்பாகச் சொல்லிக் கொடுத்தாள் என்று பஸ் முழுக்கத் தெரிந்துவிடுமே! ரோகினி தன் தாளின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

டான்யா மெதுவாக உட்கார்ந்தாள்.

அன்று பஸ்ஸில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டில் பெட்ரிசியாவின் குரல் கேட்டது. சார் போன் செய்திருக்க வேண்டும். "பெயிலாகியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்டி. திருடிட்டு வந்து நிக்கிறியே!" டான்யா அழும் சத்தம் பலகைச் சுவரைத் தாண்டி வந்தது. ரோகினி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் காலை மணி அடிப்பதற்கு முன்பே அவள் ஆசிரியர் அறைக்குப் போனாள்.

"சார், டான்யா பாத்து எழுதல. அந்தத் தப்பை அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

சார் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். "கூட்டாளியைக் காப்பாத்தப் பாக்கிறே. உண்மைன்னா நேத்தே ஏன் சொல்லல?"

ரோகினி மேசையில் கிடந்த ஒரு வெள்ளைத் தாளை அவர் முன்னால் நகர்த்தினாள்.

"சார், நீங்களே ஒரு புதுக் கணக்கு எழுதுங்க. டான்யாவ இங்க தனியா உட்கார வெச்சுக் கொடுங்க. அவ என்ன விடை எழுதுவான்னு நான் இப்பவே எழுதிக் கொடுக்கிறேன்."

சார் எழுதினார். மேலே x² + 7x + 12. கீழே x + 4. ரோகினி ஒரு சின்னத் தாளில் தன் தப்பு வழியிலேயே 8x + 3 என்று எழுதி, மடித்து அவரிடம் கொடுத்தாள்.

சார் ஆள் அனுப்ப, டான்யா வந்தாள். ரோகினியைப் பார்க்காமலேயே மூலை மேசையில் உட்கார்ந்தாள். நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு, எண் எண்ணாக வெட்டி, இரண்டு முறை சரிபார்த்துத் தாளை நீட்டினாள்.

8x + 3.

சார் மடித்த தாளைப் பிரித்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"சரியா சார்?" என்று கேட்டாள் டான்யா.

"தப்பும்மா," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "ஆனா நீ பாத்து எழுதல. நான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிரு. வகுப்புலயும் சொல்றேன், அம்மாகிட்டயும் சொல்றேன்."

சைபரை அடித்துவிட்டு உண்மையான புள்ளியைக் கூட்டினார். முப்பத்தாறு. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும். அந்த நான்கு கணக்குகளுக்கு மட்டும் பன்னிரண்டு புள்ளி; அவை சரியாக இருந்திருந்தால் தேறியிருப்பாள்.

"தப்பான விடைக்கு என்னால புள்ளி போட முடியாது," என்றார் சார்.

வெளியே வந்ததும் டான்யா நின்றாள்.

"பிராக்கெட்னு நான் சொன்னேன்ல?"

"ஆமா."

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் சார்கிட்டயே போய்க் கேட்டிருப்பேன்."

டான்யா வகுப்பை நோக்கி நடந்தாள்.

அன்று சாயங்காலம் ரோகினி பெட்ரிசியாவிடமும் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"என் பிள்ள திருடலன்னு தெரிஞ்சதே போதும்மா," என்றார். "ஆனா எனக்குச் சொல்லித் தரவும் தெரியாது, பக்கத்துல இருக்கவும் முடியாது. அவ அம்பாங்கானுக்கே போகட்டும்."

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை டான்யாவின் பைகள் வாசலுக்கு வந்தன. ஆட்ரி சின்னம்மாவின் கார் அவர்கள் வீட்டு முன்னால் நின்றது. ரோகினி தன் வீட்டுப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று டான்யா கணக்குப் புத்தகத்துடன் அவளிடம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சார்கிட்ட கேட்டுட்டேன். பாரு. பெருக்கினா ஆறு வரணும், கூட்டினா அஞ்சு வரணும். எந்த ரெண்டு நம்பர்?"

"ரெண்டு... மூணு."

"அதான் காரணிப்படுத்துறது. மேல இருக்கறது (x + 2)(x + 3) ஆயிடுச்சு. கீழயும் x + 3 இருக்கு. முழு பிராக்கெட்ட முழு பிராக்கெட்டோடதான் வெட்டணும். நீ பிச்சுப் பிச்சு வெட்டினே."

"மிச்சம் x + 2," என்றாள் ரோகினி.

"இப்ப x இருக்கற இடத்துல ஒண்ணு போடு. மேல பன்னண்டு, கீழ நாலு. வகுத்தா மூணு. x + 2-ம் மூணு. உன்னோட 6x + 2-ல போட்டா எட்டு வருது. அன்னிக்கு பஸ்லயே போட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

கார் ஹாரன் அடித்தது.

"டான்யா, கோபம் போயிடுச்சா?"

"இல்ல," என்றாள் டான்யா, எழுந்துகொண்டே. "ஆனா உனக்கும் தெரியாமலே இருக்கக்கூடாதுல்ல?"

பெட்ரிசியா கதவைப் பூட்டிவிட்டு மகளோடு ஏறினார். கார் செம்பனை மரங்களுக்கு நடுவே போய் மறைந்தது.

ரோகினி உள்ளே போய்த் தன் சோதனைத் தாளை எடுத்து வந்தாள். தப்பாகிப்போன நான்கு கணக்குகளையும் படியில் உட்கார்ந்தே போட்டாள். ஒவ்வொன்றிலும் x இருந்த இடத்தில் ஒன்று போட்டுப் பார்த்தாள். நான்கும் சரி. ஓடிப்போய்க் காட்டலாம் என்று எழுந்தவள், பூட்டியிருந்த பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்துவிட்டு மறுபடியும் உட்கார்ந்தாள்.