மஞ்சள் கால்கள்

முதலில் சட்டையைப் பார்த்தாளா, கால்களைப் பார்த்தாளா என்று அக்காவுக்கு இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அலுவலக சன்னலில் மதிய வெயில் இருந்தது. அது மட்டும் நினைவிருக்கிறது.

யார் யாரோ அனுப்பும் படங்களைப் பார்த்து, எந்தக் குளவி என்று சொல்வதுதான் அவள் வேலை. அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் வகைகள் இரண்டு. கால் மஞ்சள் என்றால் சாது. வெள்ளை என்றால், கூட்டைத் தொட்டவனைக் கூட்டமே சேர்ந்து கொன்றுவிடும். காலையில் தம்பி அனுப்பிய படத்தில் கால்கள் மஞ்சள். அலமாரி வைக்க, அவை கூடு கட்டியிருந்த படுக்கையறைச் சுவரை இடிக்கவிருந்தான். "பயப்படாதடா, இடிச்சுக்கோ" என்று பதில் போட்டிருந்தாள்.

இப்போது அதே படத்தின் ஓரத்தில் அவன் சட்டைக்கை தெரிந்தது. மஞ்சள். ஆனால் அது அவன் வேலை பார்க்கும் மருத்துவமனையின் சீருடை; வெள்ளை. நகம்கூட மஞ்சளாக இருந்தது. சட்டை, நகம், குளவியின் கால் எல்லாம் அந்த அறையின் குண்டு பல்பு பூசிய நிறம்.

வீடியோவில் அழைத்தாள்.

"என்ன குளவி டாக்டர், ஃபீஸ் கேக்கவா?" தம்பியின் மீசையெல்லாம் காரைத்தூள். பின்னால் அவன் மனைவி சிரித்தாள்.

"சுத்தியல கீழ வை. ரெண்டு பேரும் வெளிய போங்க."

"நீதானக்கா சாதுன்ன?"

"தப்பா சொல்லிட்டேன்டா. போ!"

"பாதி இடிச்சாச்சு. இந்தச் சத்தத்தக் கேளேன்."

போனைச் சுவரருகே பிடித்தான். உள்ளிருந்து, எங்கோ ஒரு பெரிய அண்டா கொதிப்பதுபோலத் தொடங்கிய ரீங்காரம், காரை உதிரும் ஓசையையும் அவன் சிரிப்பையும் விழுங்கிக்கொண்டு மெல்ல மெல்ல ஏறியது. சட்டென்று நின்றது.

ஒரு செங்கல் தானாக நகர்ந்தது.

போன் தரையில் விழுந்தது. அலறல். அவன் முகம் திரையைக் கடந்தது. கண் இருந்த இடத்தில் சிறகுகள். வாயைத் திறந்தான். உள்ளே புகுந்தன.

மனைவி குளியலறைக்குள் ஓடித் தாழிட்டாள்.

"கதவத் தொறடி..." தட்டினான். மறுபடி. மெதுவாக. சரிந்தான்.

அவன் கை கதவடியில் அசையாமல் கிடந்தது. கதவு தட்டப்பட்டுக்கொண்டே இருந்தது. அதே தாளம். கதவு முழுக்கக் குளவிகள்.

தீயணைப்புக்காரர்கள் வந்தபோது தம்பி இறந்திருந்தான். அவன் மனைவி பிழைத்தாள். இன்றுவரை யாருக்கும் கதவு திறப்பதில்லை. அக்கா வேலையை விட்டுவிட்டாள். அந்த வீட்டைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கூடு உள்ளேதான் இருக்கிறது.