நங்கை வாங்கிய தைலம்

மாசி மாதத்து முழுமதி கடலிலிருந்து மெல்ல எழுந்து, நாகைக் கழிமுகத்தில் நங்கூரமிட்டிருந்த மரக்கலங்களுக்கெல்லாம் வெள்ளி முலாம் பூசிக்கொண்டிருந்த அந்தி வேளையில், கரையோரத்து மாளிகையின் மேல்மாடத்தில் சாத்தி நங்கை தன்னந்தனியாக நின்று படித்துறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்பார்ந்த வாசகர்களே, அம்மாளிகைக்குள் சற்று எட்டிப் பாருங்கள். சீனத்துப் பட்டு கட்டுப் பிரிக்காமலே கிடக்கிறது. அரபு நாட்டு வெண்புரவி ஏறுவாரின்றிக் கொழுத்து நிற்கிறது. பெருவணிகரான தந்தையும் தமையனும் கடலோடு போன பிறகு நங்கை வாங்கிக் குவித்தவை இவை. பொருள் மீதுள்ள ஆசையால்தான் செல்வர்கள் வாங்குகிறார்கள் என்று சொல்கிறவர்கள், செல்வர் வீட்டு மாலைப் பொழுதை அறியாதவர்கள்! விற்க வந்தவன் சரக்கை விரித்துக் காட்டும் வரையிலாவது அந்த வீட்டில் ஒரு மனிதக் குரல் கேட்குமல்லவா?

படகொன்று வந்து நின்றது. பௌர்ணமிதோறும் அகில் தைலக் குடங்களோடு வரும் வணிகன் மாறன் ஆச்சன் ஏறி வந்தான்.

"உணவு அருந்தினீர்களா, தேவி?" என்றான்.

முதல் நாளும் அவன் கேட்டது இதைத்தான். "ஆகட்டும் அம்மணி" என்பதற்கு மேல் யாரும் பேசாத அந்த மாளிகையில், அந்தக் கேள்விக்காகவே அவள் மாதமெல்லாம் காத்திருந்தாள்.

"பாண்டிய ஒற்றன் ஒருவன் தைல வணிகனாகத் திரிந்து நம் துறைமுகத்தை வரைந்து வருகிறானாம்," என்றாள் நங்கை. "துறைக் காவல் தலைவர் மழவராயர் இங்கே சோதனையிட வருகிறார். செல்வர் மாளிகையல்லவா? முன்னதாகவே ஆள் அனுப்பி அனுமதி கேட்டிருக்கிறார்."

ஆச்சனின் கை இடைக் கத்தியைத் தேடியது.

"அது வேண்டாம். நான் வணிகன் மகள். விலை கேட்காமலே பொன் கொடுப்பவளிடம் அடுத்த முறை விலையேற்றாத வணிகன் இந்தச் சோழ மண்டலத்திலேயே கிடையாது. நீரோ ஒரு முறையும் ஏற்றவில்லை. முதல் குடத்தை அன்றைக்கே திறந்து பார்த்துவிட்டேன். குடத்தின் வாய் விளிம்பில் மட்டும் அகில் பூசியிருந்தீர். உள்ளே வெறும் நல்லெண்ணெய்!"

"அறிந்துமா வாங்கினீர்கள்? ஏன்?"

"நீர் மீண்டும் வரவேண்டுமே!" அவள் கையை நீட்டினாள். "துறைமுக வரைபடத்தைக் கொடும். என் நாட்டை விற்க மாட்டேன். உம்மையும் காட்டிக் கொடுக்க மாட்டேன்."

ஆச்சன் தயங்கினான். அது இல்லாமல் மதுரைக்குத் திரும்பினால் அவனுக்கு மதிப்பேது? ஆயினும் மடியிலிருந்து துணிச்சுருளை எடுத்து நீட்டினான். அவன் விற்ற எண்ணெயிலேயே எரிந்த விளக்கில் நங்கை அதைக் கொளுத்தினாள்.

"இனி இத்துறையில் கால் வைக்க மாட்டேன், தேவி. என் வாளின் மீது ஆணை!"

கேட்க வேண்டிய ஆணைதான். கேட்டதும் அவள் நெஞ்சு வெறிச்சோடிப் போயிற்று.

"என் அலங்காரப் படகில் போய்விடும். நான் வீண் செலவு செய்து மிதக்கவிடும் விளக்குப் படகைக் காவலர் ஒரு நாளும் நிறுத்தியதில்லை," என்றாள்.

விளக்குகள் கழிமுகத்தைக் கடந்து மறைந்த பிறகே மழவராயர் வந்து சேர்ந்தார். வணிகன் போய்விட்டதை அறிந்து மீசையை முறுக்கினார். குடங்களை உடைத்துப் பார்த்ததும் வாய்விட்டுச் சிரித்தார்.

"இவன் ஒற்றனல்ல, வெறும் எத்தன்! நல்லெண்ணெய்க்கா இத்தனை பொன்னை வாரிக் கொடுத்தீர்கள்? நாளை ஊரே சிரிக்குமே, தேவி!"

"சிரிக்கட்டும். நன்றாக ஏமாந்துவிட்டேன்."

அவர் படியிறங்கத் திரும்பினார்.

"மழவராயரே, உணவு அருந்தினீரா?"

"வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, தேவி!"

குதிரைக் குளம்போசை தேய்ந்து அடங்கியது. உள்ளே இரண்டு இலைகள் போட்டிருந்தார்கள். நங்கை ஒன்றின் முன் அமர்ந்தாள். மற்றொன்றை எடுத்துவிடச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.