அறுநூற்றுப் பன்னிரண்டு பூக்கள்

மேகமலைச் சரிவில் வழிவெட்டி இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. அதை மேய்க்கும் ஒச்சம்மாவும், அதை மறித்து நின்ற தாவரவியலாளர் ஆவுடைநாயகமும் தலைக்கு மேலே பறக்கும் பூவெண்ணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொசு அளவுக் கருவிகள். உலகத்துப் பூக்களையெல்லாம் எண்ணுவதே அவற்றுக்கு வேலை. ஓர் இனம் உலகம் முழுக்கச் சேர்த்து ஆயிரம் பூவுக்குக் கீழே பூத்தால், அது நிற்கும் மண்ணை எவனும் தொடக்கூடாது. தாண்டினால் வெட்டலாம். மலைகளின் தலையெழுத்து இப்போது இந்த ஒரே தராசில்தான்.

பாதையில் நின்றவை பதினோரு புதர்கள். ஆள் உயரம், இலையின் அடியில் வெள்ளைப் பஞ்சு, கிளை நுனியெங்கும் ஊதாக் குஞ்சங்கள். சூரியகாந்திக் குடும்பம், ஆனால் எந்த நூலிலும் இல்லாத இனம். அதைத் தேடி ஒன்பது ஆண்டு அட்டைக்கடி பட்டிருந்தார் ஆவுடைநாயகம்.

அவர் கையிலிருந்த இனங்காட்டி, செடிக்குப் பெயர் சொல்லும் கருவி, முடிவைச் சொன்னது. புது இனம்தான். மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு பூக்கள். விவரிப்பு சரியென்று நிபுணர் உறுதி செய்தால் போதும்.

“ஆமான்னு ஒரு தட்டு தட்டுங்க சார். நான் வண்டியத் திருப்பிட்டுப் போயி கஞ்சி குடிக்கணும்,” என்றாள் ஒச்சம்மா.

அவரும் விரலை நீட்டினார். திரையில் ‘பூ: ஊதா, ஒரு சென்டிமீட்டர்’ என்றிருந்தது. விரல் நின்றுவிட்டது. சூரியகாந்திக் குடும்பத்தில் நாம் பூவென்று பார்ப்பது ஒற்றைப் பூவல்ல. சிறு பூக்களின் கூட்டம். முப்பது ஆண்டு மாணவர்களுக்கு மதிப்பெண் குறைத்த பிழை, தன் பெயரிலேயே பதிவாவதா? எண்ணிக்கை அந்த நொடியில் மறந்தே போயிற்று.

“என்ன சார், நகைக்கடையில மாத்து பாக்குற மாதிரி பாக்குறீங்க?”

“தப்பா இருக்கும்மா. இது பூ இல்ல, பூக்கொத்து. ஒரு கொத்துல இருபத்திரண்டு பூ,” என்றபடியே திருத்தி அனுப்பினார்.

இனங்காட்டி பணிவாக நன்றி சொன்னது. பெருக்கிப் பார்த்தது: 13,464. ‘தாராளம்.’ அத்துடன் விடவில்லை. நிபுணரின் திருத்தத்தை அந்தக் குடும்பம் முழுமைக்கும் விரித்து, எங்கெங்கோ இருந்த நானூற்று ஆறு மலைகளின் பாதுகாப்பையும் நீக்கியது.

ஆவுடைநாயகம் அவசரமாகத் திரையைத் தட்டினார். திருத்தத்தைத் திரும்பப் பெற முயன்றார். அது தவறா என்று கேட்டது கருவி. வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் பாடத்திலேயே பொய் எழுதினார்: ஒரு குஞ்சம், ஒரே பூ.

கருவி அவர் பெயருக்கு முன்னிருந்த ‘நிபுணர்’ என்ற சொல்லை அழித்தது. ‘பூ எதுவென்றே அறியாதவரின் கருத்தை ஏற்பதற்கில்லை.’

ஒச்சம்மா எட்டிப் படித்தாள். சிரிப்பு வரவில்லை. அவள் தொடாமலேயே வழிவெட்டி பல்லைத் தாழ்த்தியது. அதற்கு அனுமதி வந்துவிட்டிருந்தது.

“கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்,” என்றாள்.