தூக்கிவிட ஆள் வேண்டாம்…

"ஐயோ! கம்பத்தைச் சுத்த விட்டது யாரு?"

மெத்தையில் விழுந்து கிடந்தவள் போட்ட சத்தத்தில், சுவர்க் கண்ணாடி முன்னால் கால் நீட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முழுசாக மெத்தையில் விழுந்திருந்தாலாவது மானம் பிழைத்திருக்கும். பாதிதான் மெத்தை… மீதிப் பாதி ஒரு ஆள்!

"நான்தாங்க…" என்றது அடியிலிருந்து ஒரு குரல். "கொஞ்சம் எந்திரிச்சீங்கன்னா மன்னிப்பும் கேட்டுடுவேன். இப்ப மூச்சு விட முடியலை."

கம்பத்தில் ஏறித் தொங்கி ஆடப் பழகும் அந்த நடனக் கூடத்தில், ஒவ்வொரு கம்பத்தின் அடியிலும் ஒரு திருகு உண்டு. இறுக்கினால் கம்பம் அசையாமல் நிற்கும். தளர்த்தினால் பிடித்த ஆளோடு சேர்ந்து சுழலும். தளர்த்தியவர்தான் இறுக்கிவிட்டு நகர வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். புதிதாகச் சேர்ந்திருந்த இவன், கம்பத்தில் சுழன்று பார்த்த குஷியில் இறுக்க மறந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். அவளோ கம்பம் நிற்கிறது என்று நம்பி, ஓடி வந்து முழு உடம்பையும் வீசித் தாவினாள். கம்பம் அவளை ஒரு சுற்றுச் சுற்றி, திரும்பி வந்துகொண்டிருந்த அவன் மேலேயே எறிந்துவிட்டது.

நன்றாக நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தாள். அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள்… சே, என்ன கண்கள்! வலியிலும் சிரிக்கிற கண்கள். திட்ட வைத்திருந்த வார்த்தைகள் பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டன.

"என்ன வேலை பார்க்கறீங்க?" என்றாள் மிச்சமிருந்த கோபத்தோடு.

"லிஃப்ட் மெக்கானிக்."

"நல்லா இருக்கு! ஒரு திருகை இறுக்கத் தெரியலை. உங்க லிஃப்ட்ல ஏறுறவங்க கதி?"

"அவங்க யாரும் இதுவரைக்கும் என் மேல விழுந்ததில்லைங்க."

கூடமே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டாள். சொல்லிக்கொடுக்கும் டீச்சர் கையைத் தட்டினாள். "போதும் சண்டை. இனிமே நீங்க ரெண்டு பேரும் ஜோடி. ஒருத்தர் ஏறணும், இன்னொருத்தர் கீழ நின்னு பார்த்துக்கணும்."

இப்படித்தான் ஆரம்பித்தது. அவன் அவளுக்குக் 'கண்ணாடி' என்று பெயர் வைத்தான். கீழ்த்தளத்து மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுகிறவள் அவள். அவனை அவள் 'லிஃப்ட்டு' என்றாள். வேலையில் ஒருமுறை மணிக்கட்டை உடைத்துக்கொண்ட பிறகு கைப்பிடியில் பழைய வலு இல்லை, அதற்காக வருகிறேன் என்று சொல்லியிருந்தான் அவன்.

அவள் எதற்காக வருகிறாள் என்று மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

வீட்டில் அப்பா இருந்தார். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன அப்பா. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, அவள்தான் தூக்க வேண்டும். அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாயிற்று. அண்ணன் தூர தேசத்தில் இருந்துகொண்டு, "எப்படி இருக்காரு?" என்று போனில் கேட்பதோடு சரி. தூக்கித் தூக்கி ஒருநாள் அவள் முதுகு பிடித்துக்கொண்டது. "உடம்புல பலம் ஏத்துங்க. இல்லேன்னா பக்கத்துல இன்னொரு கட்டில் போட வேண்டியதுதான்" என்றார் டாக்டர். உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்பைத் தூக்கிப் பார்த்தாள். அழுகையாக வந்தது. வீட்டிலும் தூக்கு, இங்கேயும் தூக்கா? பிறகு ஒரு மாலை, கடைக்கு மேலே கேட்கும் பாட்டு எங்கிருந்துதான் வருகிறது என்று படியேறிப் போனாள். தன்னைவிட வயதான ஒரு பெண் கம்பத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான்… மறுநாளே சேர்ந்துவிட்டாள். அந்த நேரத்துக்கு மட்டும் எதிர்வீட்டு அக்கா அப்பாவைப் பார்த்துக்கொள்வாள்.

சும்மா சொல்லக்கூடாது, உயிரை எடுக்கிற வித்தை அது. முதலில் வெறுமனே தொங்கவே வரவில்லை. தோளைக் காதுவரை ஏற்றாமல், கீழே இழுத்துப் பிடித்துத் தொங்க வேண்டுமாம். தோல்தான் கம்பத்தில் ஒட்டிப் பிடிக்கும் என்பதால் குட்டைக் கால்சட்டை, குளித்தபின் கிரீம் கிடையாது. கெண்டைக்காலெல்லாம் கன்றிப்போகும். நாளெல்லாம் உட்கார்ந்து லென்ஸ் வெட்டியதில் இடுப்பு கட்டையாகியிருந்தது. அதை இளக்க, அப்பாவுக்குக் கஞ்சி ஆறும் நேரத்தில் கட்டிலோரம் காலை அகட்டி உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு குனிவாள்.

ஒருநாள் அப்பா அவள் காலைப் பார்த்துவிட்டார். கோணிய வாயால் கஷ்டப்பட்டுக் கேட்டார். "யாரும்மா… அடிச்சா?"

"யாரும் அடிக்கலப்பா. கம்பத்துல ஏறிப் பழகுறேன். அதான்."

அப்பா பாதி முகத்தால் சிரித்தார். "சின்ன வயசுல… ஜன்னல்ல தொங்குவே. உன் அம்மா… திட்டுவா."

அன்றைக்கு அவள் முதன்முதலாகக் கம்பத்தின் உச்சிவரை ஏறினாள். கீழே லிஃப்ட்டு கைகளை விரித்து நின்றான். தொடவில்லை, விழுந்தால் தாங்க மட்டும். "கண்ணாடி… அசத்திட்டீங்க!" என்றான். மேலிருந்து அந்தக் கண்களைப் பார்த்தவளுக்கு, இறங்கவே வேண்டாம் போல இருந்தது.

வகுப்பு முடிந்து இறங்கினால் வெளியே கொட்டுகிற மழை. கடை வாசல் தகரத்தின் கீழ் இரண்டு பேரும் ஒதுங்கினார்கள். தகரத்தில் விழுந்த தண்ணீர் அவர்களைச் சுற்றித் திரைபோட்டது. அவன் தொண்டையைச் செருமினான்… கைக்குட்டையைக் கசக்கினான்… பிறகு சொன்னான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்குங்க. டீச்சர்தான் உங்க அப்பாவைப் பத்தி சொன்னாங்க. எதிர்வீட்டு அக்கா அவங்களுக்குத் தெரிஞ்சவங்களாம். பாவம், எவ்வளவுதான் தனியா செய்வீங்க? நான் வந்து கை கொடுக்கறேன். சேர்ந்து தூக்கலாம்."

பாவம்! அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. அவனுக்கு எப்படித் தெரியும்? இதற்கு முன்னால் பெண் பார்க்க வந்தவன் ஒருத்தன், வீட்டு மூலையில் அப்பாவுக்காக வைத்திருந்த வாளியைப் பார்த்து மூக்கைச் சுளித்ததும், அவன் அம்மா இதே "பாவம்" சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டியதும்?

"பாவம் பார்த்து யாரும் என் வீட்டு வாசப்படி ஏற வேண்டாம்" என்றாள். "தூக்கிவிட ஆள் வேணும்னா நானே கூப்பிடறேன்."

"கூப்பிடுவீங்களா?"

"மாட்டேன்."

மழையிலேயே இறங்கி நடந்தாள். 'ஓடி வந்து கையைப் பிடி, முட்டாளே' என்று மனசு கத்தியது. அவன் வரவில்லை. அடுத்த வகுப்புக்கும் வரவில்லை. அதற்கு அடுத்ததற்கும் இல்லை.

அவள் வெறிபிடித்தவளாகப் பயிற்சி செய்தாள். தலைகீழாகத் திரும்பினாள், தொடையால் கம்பத்தைக் கவ்விக் கைகளை விட்டாள். டீச்சர் விசில் அடித்தாள். யாரிடம் போய்ச் சொல்வது? கீழே விரிந்த கைகள் இல்லாத மெத்தை, தலைகீழாகப் பார்க்கும்போது ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. எதற்கு இந்தப் பாடு, யாருக்கு இந்தப் பலம் என்று இருந்தது. வீட்டில் அப்பா கஞ்சியைப் பாதியில் விலக்க ஆரம்பித்திருந்தார்.

அப்புறம் வந்தது அந்தக் காலை.

வழக்கம்போல் அப்பாவின் முதுகுக்கடியில் ஒரு கை, முழங்காலுக்கடியில் ஒரு கை. மூச்சை இழுத்துத் தூக்கினாள். வந்துவிட்டார்! முனகல் இல்லை, முதுகில் சுருக் இல்லை, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிவிட்டாள்.

"அப்பா! பார்த்தீங்களா உங்க பொண்ணு பலத்தை!" என்று அவரை ஏந்தியபடியே சிரித்தாள். இத்தனை நாள் தொங்கியது, கன்றியது, கிழிந்தது எல்லாம் பலித்துவிட்டதே!

அப்பா சிரிக்கவில்லை. அவள் முகத்தை ரொம்பப் பரிவோடு பார்த்தார்.

"பலம்… இல்லம்மா. நான்தான்… குறைஞ்சுட்டேன்."

அப்போதுதான் பார்த்தாள். அவர் மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் முழங்கை வரை நழுவிப் போயிருந்தது. காறை எலும்புக்கு மேலே குழி. தினமும் தொட்டுத் தூக்கிய உடம்புதான், ஆனால் தன் கைப் பலத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவள் அவர் உடம்பைப் பார்க்கவே இல்லை. "இனிமே அவர் உடம்பு ஏறாதும்மா, குறையத்தான் செய்யும்" என்று டாக்டர் போன முறை மெதுவாகச் சொன்னதை, வேறு யாருக்கோ சொன்னதாகக் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

நாற்காலியில் உட்கார வைத்தாள். முகம் துடைத்துவிட்டாள், தலை வாரினாள். குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதாள். பிறகு போனை எடுத்தாள். "கொஞ்சம் வர முடியுமா?" என்று கேட்டு வீட்டு அடையாளம் சொன்னாள். காரணம் சொல்லாமலே வைத்துவிட்டாள்.

மழையில் நனைந்து, கையில் கருப்பு மசகோடு, கருவிப்பையும் தோளுமாக ஓடி வந்தான் லிஃப்ட்டு.

"எங்க அவரு? விழுந்துட்டாரா? எப்படித் தூக்கணும்னு சொல்லுங்க…"

அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். வீங்கிய கண்களை மறைக்கவில்லை.

"தூக்கறதுக்குக் கூப்பிடலை. என்னால தூக்க முடியுது. சுலபமா தூக்க முடியுது. இன்னும் கொஞ்ச நாள்ல ஒரு கையாலயே தூக்கிடுவேன் போல இருக்கு…" வாசல் நிலையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "அதைத்தான் தாங்க முடியலை. பலமெல்லாம் வந்து என்ன செய்ய? எல்லாம் முடியப்போகுது. உனக்கு இங்க செய்ய ஒரு வேலையும் இல்லை. ஆனா எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. நீ வராத வகுப்பெல்லாம் எனக்கு நரகமா இருந்துச்சு. போதுமா?"

அவன் மசகுக் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான், போகவில்லை. அந்தக் கையையே அவள் பிடித்துக்கொண்டாள்.

"யாரும்மா… வந்திருக்கறது?" உள்ளேயிருந்து அப்பாவின் குரல்.

"நான் ஆசைப்பட்டவருப்பா" என்றாள் சத்தமாக, விக்கலோடு.

இருவரும் உள்ளே போனபோது அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்காரப் பார்த்துக்கொண்டிருந்தார். வந்தவர் முன்னால் அப்படியே இருக்கக் கூடாதென்று, நடுங்கும் இடக்கையால், தொளதொளவென்று தொங்கிய சட்டையின் மேல் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தார்.