அடுப்பில் போன நாவல்

காலை ஷிப்டு பஸ் வருவதற்குள் இட்லிப் பானையை இரண்டு தடவை இறக்கியாக வேண்டும். லூர்தம்மாள் முதல் ஈட்டை இறக்கி, ஈரத்துணியிலிருந்து இட்லியைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது, கொம்பையா தட்டோடு வராமல் ஒரு அழைப்பிதழோடு வந்து நின்றான். தென்காசிப் பக்கத்துப் பையன். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் லைன் ஆபரேட்டர். சேரப்பணஞ்சேரியில் அவள் நடத்துகிற மெஸ்ஸில் மூன்று வேளையும் சாப்பிடுகிறவன்.

"அத்தே, இன்னைக்கு மேடையில நீங்க மாமா கால்ல விழப்போறியளாமே. நோட்டீஸ்ல போட்டிருக்காவ."

அவளுக்குக் கண்ணாடி கைவசம் இல்லை. அவனே படித்தான். 'நாவலாசிரியர், இதழாசிரியர் அனலேந்தி மணிவிழா. மகத்தான நாவலை அடுப்பிலிட்ட துணைவியார் திருமதி லூர்தம்மாள் மன்னிப்புக் கோர, பெருந்தகை அனலேந்தி மன்னித்தருளும் நெகிழ்ச்சி நிகழ்வு. தொடர்ந்து இரவு உணவு.'

அந்த இரவு உணவு லூர்தம்மாளின் மெஸ்ஸிலிருந்துதான் போகிறது. அதை மட்டும் நோட்டீஸில் போடவில்லை.

ஆவி சுட்ட விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பெருந்தகை கண்ணாடி முன்னால் பொன்னாடை போர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் அப்பாவு. அந்தப் பெயரில் புரட்சி வராது என்று இளமையிலேயே அனலேந்தி ஆனவர். அவர் நடத்தும் 'கொதிநிலை' மாத இதழ், எந்த மாதத்துக்கு வர விருப்பமோ அந்த மாதத்தில் வரும். ஆசிரியர், துணை ஆசிரியர், கேள்வி கேட்கும் வாசகர், பதில் சொல்லும் மேதை எல்லாம் அவரே. அச்சுக்கூலி மட்டும் இட்லி.

வெளிவந்த அவருடைய மூன்று நாவல்களை யாரும் படித்ததில்லை. வெளிவராத முதல் நாவலை மட்டும் எல்லோரும் படித்தது மாதிரியே பேசுவார்கள். 'மண் தின்ற ஊர்'. ஒருவர் அதை ஆராய்ந்து முனைவர் பட்டமே வாங்கிவிட்டார். மூலம் கிடைக்காததால் ஆய்வில் குறுக்கீடு எதுவும் இருக்கவில்லை என்று நன்றியுரையில் எழுதியிருந்தார்.

"கால்ல விழணுமாமே. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே" என்றாள் லூர்தம்மாள்.

வீட்டிலும் மேடைத் தமிழ்தான் அவருக்கு. "அது ஒரு குறியீடு, லூர்து. நீ விழுவது என் காலில் அல்ல. இலக்கியத்தின் காலில்."

"இலக்கியம் எங்க நின்னுகினு இருக்கும்?"

"மேடையில்தான். எனக்குப் பக்கத்தில்... அதாவது, நான் நிற்கிற இடத்தில்."

அவள் முறைத்தாள். அவர் குரலைத் தாழ்த்தி, மெர்சி வருகிறாள் என்றார். மகள் கண்ணெதிரே மன்னிப்புக் கேட்டுவிட்டால் அவளும் மனம் இளகி வீட்டுக்கு வரப்போக இருப்பாள், அதை யோசித்துத்தான் இந்த ஏற்பாடே என்றார்.

லூர்தம்மாள் முறைப்பதை நிறுத்தினாள்.

மெர்சி குன்றத்தூரில் தனியாக வீடு எடுத்து இருக்கிறாள். கம்பெனியில் குவாலிட்டி செக்ஷன் இன்ஜினியர். அப்பாவோடு போனில் பேசுவாள். அம்மாவோடு, 'சாப்டியா', 'சாப்டேன்' என்கிற அளவோடு சரி. பள்ளிக்கூடத்தில் 'நாவலை எரித்தவள் மகள்' என்று பெயர் வாங்கியவள். அப்பா ஒரு தடவை கூட அம்மாவைத் திட்டாததைப் பார்த்து, இவ்வளவு பெரிய மனிதருக்கா இப்படி ஒருத்தி என்று பத்து வயதிலேயே தீர்மானம் செய்துகொண்டவள்.

அப்பா ஏன் திட்டவில்லை என்பது அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும்.

மெர்சி பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த அந்த நாளில் அவர்கள் குன்றத்தூரில் தாயாரம்மாள் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் குடியிருந்தார்கள். அப்பாவு மூன்று வருஷமாக 'மண் தின்ற ஊர்' எழுதிக்கொண்டிருந்தார். அதாவது, எழுதிக்கொண்டிருப்பதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காக வேலைக்குப் போகவில்லை. லூர்தம்மாள் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பட்டன் தைத்துவிட்டு வந்து, நாவலாசிரியரின் தியானம் கலையாமல் ஓரமாக உட்கார்ந்து சமைத்தாள். ஒரு நாள் சென்னையிலிருந்து பதிப்பாளர் காரில் வந்து இறங்கினார். கூடவே போட்டோகிராபர். கையெழுத்துப் பிரதியை வாங்குகிற காட்சியைப் படம் பிடிக்க வேண்டுமாம்.

கார் சத்தம் கேட்டதுமே அப்பாவு போர்வைக்குள் போய்விட்டார். காய்ச்சல் என்று உள்ளிருந்து முனகல் வந்தது. லூர்தம்மாள்தான் பெட்டியைத் திறந்து கையெழுத்துத் தாள்கட்டை எடுத்தாள். முதல் தாளில் தலைப்பு. இரண்டாவது தாளில் காணிக்கை. மூன்றாவதில் 'ரத்தத்தைத் தொட்டு எழுதினேன்' என்று என்னுரை. அதற்கு அப்புறம் வெள்ளை. புரட்டப் புரட்ட வெள்ளை.

பதிப்பாளர் படியேறிக்கொண்டிருந்தார். போர்வை நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் வாசலுக்குப் போய், தலையில் அடித்துக்கொண்டு, குப்பை என்று நினைத்து அடுப்பில் போட்டுவிட்டேன் சார் என்று அழுதாள். பொய்க்காக ஆரம்பித்த அழுகை, நடுவில் நிஜமாகிவிட்டது. போட்டோகிராபர் வந்ததற்கு அதைப் படம் எடுத்தார்.

அன்று அப்பாவு அவள் காலடியில் உட்கார்ந்து குலுங்கினார். ஒரே வருஷம் பொறுத்துக்கொள், எழுதி முடித்துவிட்டு நானே உண்மையைச் சொல்கிறேன் என்றார். அதற்குள் அந்தப் படம் பத்திரிகையில் வந்துவிட்டது. தமிழகம் உச்சுக்கொட்டியது. எழுதியிருந்தால் கிடைத்திருக்காத பெயர், எரிந்ததில் கிடைத்தது. அப்புறம் எந்த மடையன் அதை எழுதுவான்?

மாலையில் படப்பை கல்யாண மண்டபத்துக்கு லூர்தம்மாள் இருந்ததிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். விழாக்குழுத் தலைவர் ஜீவானந்தம், லேபர் காண்ட்ராக்டர். கம்பெனிகளுக்கு ஆளும் இலக்கியத்துக்குக் கூட்டமும் அனுப்புகிறவர். விழாவுக்கு வந்தால் அரை ஷிப்டு ஓ.டி. சம்பளம் என்று சொல்லியிருந்ததால் மண்டபம் நிரம்பி வழிந்தது.

மெர்சி ஷிப்டு முடிந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக வந்திருந்தாள். மேடை நடுவில் தெர்மாகோலில் செய்த ஒரு பெரிய விறகடுப்பு. உள்ளே சிவப்பு பல்பு. சின்ன ஃபேன் காற்றில் செந்தாள் நாக்குகள் படபடத்தன.

"இது இன்னாது?" என்று கேட்டாள்.

"ஒங்கம்மா நாவல எரிச்ச அடுப்பு, பாப்பா. டிசைன் ஐயாவே சொன்னாரு. தத்ரூபமா கீதுல்ல?" என்றார் ஜீவானந்தம்.

மெர்சி அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு பாகம் பழுதாக வந்தால் 'ஏன்' என்று ஐந்து தடவை கேட்க வேண்டும். முதல் பதிலோடு விட்டால் பழி யாராவது ஒரு ஆபரேட்டர் தலையில் விடியும். கம்பெனியில் நாள்தவறாமல் கேட்கிற கேள்வியைத் தன் வீட்டில் ஒரு தடவை கூட அவள் கேட்டதில்லை.

மேடைக்குப் பக்கத்து அறையில் லூர்தம்மாள் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"ம்மா, குன்றத்தூர் வூட்ல வெறகடுப்பு ஏது?"

லூர்தம்மாள் நிமிரவில்லை. "கொல்லைல இருந்திச்சி."

"மாடி ரூமுக்குக் கொல்லையா? கொஞ்சம் பொக வந்தா தாயாரம்மா கெழவி மேலேறி வந்து சண்ட போடுமே. நம்மகிட்ட இருந்தது பம்ப் ஸ்டவ்வு. நாந்தானே ரேஷன்ல கெரசினுக்கு நின்னேன். அதுல எப்டிம்மா ஒரு கட்டு பேப்பர எரிச்ச?"

"எரிச்சேன்னு சொல்லிட்டேன்ல. வுடு."

"ஏன் எரிச்ச?"

"குப்பன்னு நெனச்சிட்டேன்."

"நீயா? பொட்டலம் கட்டின தாளக்கூட நீவி மடிச்சி வைக்கிறவ நீ."

லூர்தம்மாளின் கை கொசுவத்திலேயே நின்றுவிட்டது. மெர்சி மேலே கேட்கவில்லை. அடுத்த அறைக்குப் போனாள். அங்கே அனலேந்திக்கு முகத்தில் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ப்பா, 'மண் தின்ற ஊர்'ல கதாநாயகன் பேரு இன்னா?"

"பெயர்களைக் கடந்த படைப்பு அது, மகளே."

"மொத வரி?"

"முதல் வரி என்பது உண்மையில்... ஒரு..." பவுடர் ஒற்றிய துணி கன்னத்திலேயே நின்றது. மேடைத் தமிழ் அவரைக் கைவிட்டது. "வுடும்மா. பங்ஷன் டைம்ல இன்னாத்துக்கு இதெல்லாம்..."

மெர்சி திரும்பி வந்து கதவைச் சாத்தினாள். அம்மாவின் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணுமே எழுதலியா அவரு?"

லூர்தம்மாள் கொசுவத்தை விட்டாள். பிறகு, "ஸ்கூல்ல ஒனக்கு ரஃப் நோட்டு தெச்சுக் குடுத்தேனே... அது இன்னா பேப்பர்னு நெனச்ச?" என்றாள்.

மெர்சிக்கு முகம் கோணியது. அந்த ரஃப் நோட்டில் அவள் கணக்கு மட்டும் போடவில்லை. கதைகள் எழுதினாள். ராணிகளும் ஏரிகளும் பேசுகிற நாய்களும் வருகிற கதைகள்.

"அதுல நான் கத எழுதுவேன்ம்மா. வூட்டுக்கு எடுத்தாந்தா நீ எரிச்சிருவன்னு பள்ளிக்கூடத்து பீரோ பின்னால ஒளிச்சி வெச்சேன். அப்பறம் எழுதறதையே வுட்டுட்டேன்."

"தெரியும். ஒங்க டீச்சரு சொன்னாங்கோ."

"தெரிஞ்சுமா சொல்லல?"

"சொன்னா ஒங்கப்பன நீ எப்டி பாப்ப? ஒருத்தர வெறுக்கறதோட போவட்டும்னு வுட்டேன்."

மெர்சி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்தாள். நல்ல புடவை நனைந்தது. இத்தனை வருஷம் கையெட்டாமல் இருந்த அந்தத் தலையை லூர்தம்மாள் தடவித் தடவிப் பார்த்தாள். நெற்றியோரம் நாலைந்து நரைமுடி இருந்தது. எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்துத்தான் அவள் அழுதாள்.

வெளியே மைக்கில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். மெர்சி சடாரென்று எழுந்தாள். தானே போய் எல்லாவற்றையும் போட்டு உடைக்கப் போவதாகச் சொன்னாள். லூர்தம்மாள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "நீ வாயத் தொறக்காத. எதுக்காக அந்தாளு கால்ல வுழலாம்னு வந்தேனோ, அது எங்கையில வந்திரிச்சி. இனிமே நான் பாத்துக்கறேன்."

மேடையில் அனலேந்தி ஏற்கெனவே மன்னிக்கிற நிலையில் நின்றார். வலது கை ஆசி கொடுக்க அரைவாசி உயர்ந்திருந்தது. பல்பு எரிந்தது. தாள் நெருப்பு படபடத்தது. நாதஸ்வரம் சோகமாக ஏதோ ஆரம்பித்தது.

லூர்தம்மாள் காலைப் பார்க்கவில்லை. மைக்கைப் பார்த்துப் போனாள்.

"எனக்குப் பேச வராது. எரிஞ்சது பேப்பர்தான். எழுதினவரு எரியலியே. இதோ, கல்லு மாதிரி நின்னுகினு கீறாரு. நெஞ்சுல ரத்தம் தொட்டு எழுதின கத மறந்தா பூடும்? நான் மன்னிப்பு கேட்டா அது திரும்பி வராது. அவரு ஒக்காந்து மறுபடி எழுதினா வந்துடும். நாளைலேந்து எழுதட்டும். எத்தினி நாளானாலும் சோறு நான் போடறேன்." கொஞ்சம் யோசித்து, "சாம்பாரு ஆறுது. எல்லாரும் சாப்ட்டுப் போங்கோ" என்று முடித்தாள்.

 கைதட்டல் கூரையைத் தூக்கியது. ஓ.டி.க்கு வந்தவர்கள் கூட நிஜமாகவே தட்டினார்கள். ஜீவானந்தம் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடுங்கி, அடுத்த 'கொதிநிலை'யில் முதல் அத்தியாயம் வரும், செலவு என்னுடையது என்று அறிவித்தார். முனைவர் பட்டம் வாங்கினவர் மட்டும் எழுந்து கழிவறைப் பக்கம் வேகமாகப் போனார். அனலேந்தியின் வலது கை அரைவாசியிலேயே நின்றது. யாரை மன்னிப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

அடுத்த வாரமே படப்பை கூட்ரோட்டில் ஆளுயர பேனர். 'சாம்பலிலிருந்து எழுகிறார்!' வீட்டில் புது மேஜை, புது நாற்காலி, கட்டுக் கட்டாக வெள்ளைத்தாள். வேளாவேளைக்குச் சாப்பாடு மேஜைக்கே போயிற்று. லூர்தம்மாள் முன்னறைப் பக்கம் டிவி சத்தம் கூட வராமல் பார்த்துக்கொண்டாள். மெஸ்ஸுக்கு வருகிற பையன்கள் கை கழுவுகிற சாக்கில் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "மாமா, எத்தன பக்கம் ஆச்சு?" என்று அன்போடு விசாரித்தார்கள்.

மெர்சி வார விடுமுறையில் வர ஆரம்பித்தாள். இப்போது அப்பாவிடம்தான் 'சாப்டியா' அளவோடு நிறுத்திக்கொண்டாள். அப்படி ஒரு மத்தியானம், அம்மாவும் மகளுமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, அனலேந்தி சமையலறை வாசலில் வந்து நின்றார். பொன்னாடை இல்லை. சவரம் செய்யவில்லை. பார்க்க அசல் அப்பாவுவாக இருந்தார்.

"லூர்து, நாளைக்கு ஜீவானந்தம் வராராம். மொத அத்தியாயம் கேட்டுகினு." பெரிய கேஸ் அடுப்பை ஓரக்கண்ணால் பார்த்தார்.  "இன்னொரு தபா... நீயே எதுனா..."

மெர்சியின் கத்தி நின்றது. லூர்தம்மாள் கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். வெங்காயம்தான். அடுத்த வெங்காயத்தை எடுத்துத் தோலை உரித்தாள்.

"மொதல்ல எழுதுங்க. எரிக்கறத அப்பறம் பாத்துக்கலாம்."